நகர்ந்துபோன மையம்

முன்னொரு காலத்தில், கொக்குகூட ராஜாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மீன் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு நாட்டில், ராஜாவின் ஒரே மகள் நாச்சி ஆற்றில் ஓடம் கவிழ்ந்து போய்விட்டாள். ஏழு வயது. உடல் கிடைக்கவில்லை.

கரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்ட ராஜா, அரண்மனைக்குத் திரும்பியதும் ஒரு கட்டளை போட்டார்.

"என் மகளைக் கொண்டுபோன தண்ணீர் எங்கே இருக்கிறதோ, அதுவே மையம். அதைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்கு ஒரு கூரையும் இருக்கக்கூடாது."

அந்த நாட்டில் ராஜா வாய் திறந்தால் உடனே ஓலையில் ஏறிவிடும். ஏறியதில் ஓர் எழுத்தை ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

ஆற்றங்கரையில் ஓடக்காரத் தெரு இருந்தது. அத்தனை வீடும் அந்த வட்டத்துக்குள்.

நில அளவைத் தலைவர் விடங்கருக்கு வேறொரு கணக்கு. ராஜா தன்னிடம் நிலத்தை மட்டும் கேட்கிறார், விகடகவி அம்பலத்தாடியிடம் மனதைத் திறக்கிறார் என்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"மன்னர் பெருமானே, மையத்தில் முளைக்குச்சி அடிக்கும் பொறுப்பை அம்பலத்தாடியிடமே தரலாம். இளவரசியை முதுகில் ஏற்றிக் குதிரை விளையாட்டுக் காட்டியவர் அவர்தானே? புள்ளிக்கு நீளமில்லை, அகலமில்லை. ஒரே அடி போதும். அதில் கயிற்றைக் கட்டி நான் ஒரு சுற்று வந்தால் வட்டம் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் குச்சி தண்ணீரில் இறங்காவிட்டால் தலை போகும் என்று சேர்த்துவிடலாம்."

ராஜா தலையசைத்தார். அதுவும் ஓலையில் ஏறியது.

அம்பலத்தாடி குச்சியோடு ஆற்றுக்குப் போனான். ஓடக்காரர் பெரியாண்டி துடுப்புப் போட்டார். நடு ஆற்றில் நிறுத்தினார்.

"இங்கதான் ஐயா. பாப்பா கை என் கையில இருந்திச்சு. வழுக்கிடுச்சு."

அம்பலத்தாடி தண்ணீரையே பார்த்தான்.

"அடிச்சுடுங்க ஐயா. கூரை போனா வேற கட்டிக்கலாம். உங்க தலை போனா மறுபடி முளைக்குமா?"

"முளைக்காது. முளைத்தாலும் இதே மூஞ்சிதான் வரும், யாருக்கு லாபம்?" என்றான். பெரியாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. குச்சியை மெல்லத் தண்ணீரில் விட்டான். அது தலையை ஆட்டிக்கொண்டு கிழக்கே போனது.

பொழுது சாய்வதற்குள் சபைக்கு வந்து நின்றான்.

"மையத்தைக் குறித்தாயா?" என்றார் ராஜா.

"குறிக்க ஆளனுப்பியிருக்கிறேன், மன்னா. இளவரசியைக் கொண்டுபோன தண்ணீர் அன்றைக்கே புறப்பட்டுப் போய்விட்டதாம். பொழுதுக்குள் தண்ணீரில் இறங்கிய முளைக்குச்சி அதைத் தேடிக்கொண்டு போகிறது. தண்ணீர் இந்நேரம் கடலில் இருக்கும். விடங்கர் கயிற்றோடு அங்கே போய் வட்டம் போடலாம். அங்கே ஏதாவது கூரை தென்பட்டால், தயங்காமல் இடித்துவிடலாம்."

விடங்கர் துள்ளி எழுந்தார். "அபத்தம்! மையம் நகரவே கூடாது!"

"கூடாதுதான். தண்ணீரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன், ஐயா. நான் சொன்னால் விகடம் என்று நினைத்துக்கொள்கிறது."

ராஜா ஓலையை வாங்கிப் படித்தார். 'தண்ணீர் எங்கே இருக்கிறதோ' என்றுதான் இருந்தது. விடங்கர் கயிற்றுச் சுருளோடு நடுக்கடலில் சுற்றி வருவது ராஜாவின் கண்முன் வந்திருக்க வேண்டும். இருமல் போல ஒன்று கிளம்பியது. அது சிரிப்பு என்று சபைக்குப் புரிவதற்குள் பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நெடுநேரம் அழுதார். ஓடக்காரத் தெருவும் அம்பலத்தாடியின் தலையும் தப்பின.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை ஒரு பாவத்திலிருந்து இழுத்துப் போட்டாய். என்ன வேண்டுமோ கேள்" என்றார்.

"ஒரு நாள் விடுப்பு வேண்டும், மன்னா."

"எதற்கு?"

"அழுவதற்கு. குழந்தை போன நாளிலிருந்து முடியவில்லை. நான் முகத்தைச் சுளித்தாலே சபையில் எல்லாரும் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா சிம்மாசனத்தில் சற்று ஒதுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.