கரிச்சான் சொன்ன கடவுச்சொல்

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசித் திரிந்த காலத்தில், மலைக்காட்டில் ஒரு கரிச்சான் குருவி இருந்தான். அவன் செய்த குறும்பைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள், முதலில் இருவாச்சிப் பறவையின் வீட்டைப் பார்த்துவிடுவோம்.

பெண் இருவாச்சி உயரமான மரப்பொந்தில் அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஒரே முட்டை, மூன்று வருஷம் ஏங்கியிருந்து இட்டது. பொந்துக்கு மரப்பட்டையில் ஒரு கதவு. இரை தேடிப் போன கணவன் திரும்பி வந்து "அத்தி பழுத்தாச்சு" என்றால்தான் அது திறக்கும். கடவு என்றால் வழி. வழிவிடுகிற சொல் என்பதால் அதற்குக் கடவுச்சொல் என்று பேர். கணவனுக்கோ மெதுவாகப் பேசவே வராது. நாலு மரம் தள்ளி வரும்போதே காடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வருவான்.

கரிச்சானுக்குக் கேட்ட குரலெல்லாம் அத்துப்படி. பருந்துபோல் கத்திக் காட்டுக்கோழிகளைப் புதருக்குள் விரட்டுவான். மந்திபோல் செருமி அதன் குட்டிகளை ஓடிவர வைப்பான். இருவாச்சி மாமாவின் குரலையும் சுனையோரம் பேசிக் காட்டினான். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் புரையேறச் சிரித்தார்கள். சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவன் மரநாய் ஒருவன்தான்.

மறுநாள் அவன் வலிய வந்து பேச்சுக்கொடுத்தான். "நல்லாத்தான் பேசுறே தம்பி. ஆனா பொண்டாட்டி காதை ஏமாத்த முடியுமா? அத்தை நம்பிட்டா ஒத்துக்கிறேன்."

கரிச்சானுக்குச் சுருக்கென்றது. நேரே பறந்துபோய்ப் பொந்தின் முன்னால் உட்கார்ந்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அத்தி பழுத்தாச்சு."

பட்டைக் கதவு விலகியது. ஜெயித்துவிட்டோம், இனிச் சிரிக்கலாம் என்று அவன் அலகைத் திறப்பதற்குள் ஏதோ ஒன்று அவனை இடித்துக்கொண்டு பாய்ந்தது. மரநாய் இறங்கி ஓடும்போது அவன் வாயில் முட்டை இருந்தது.

இருவாச்சி அழவில்லை. வாசலில் இருந்த கரிச்சானைப் பார்த்து, "மாமா குரல்தானே கேட்டுச்சு? நீயும் கேட்டியாப்பா?" என்றாள்.

இல்லை அத்தை, நான்தான் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். சொந்தக் குரல் வரவில்லை. மாமாவின் குரல்தான் வந்தது.

அவள் அவனையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்று முதல்தான் இருவாச்சி பொந்து வாசலை அடைத்துப் பூசிக்கொண்டு, அலகு நுழைகிற கீற்று மட்டும் விட்டுவைக்கிறாள். கடவுச்சொல்லும் வாயை நம்பாமல் விரல் நுனிக்கு வந்து சேர்ந்து, செல்போனில் நாம் பாஸ்வேர்டைத் தட்டத் தட்ட, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அகப்படாமல் கரும்புள்ளி கரும்புள்ளியாக விழுகிறது.