தலை நிமிர்ந்தவருக்கே மடு

ஒரே ஒரு ஏரியிலே, ஒரே ஒரு பச்சைத் தீவிலே, விடாமல் மழை பெய்துகொண்டே இருந்ததாம். அந்தத் தீவில் நீர்நாய்கள் வாழ்ந்தன. மழைதான் அவற்றுக்குச் சாமி. தலையைக் குனிந்து, மூக்கு ஈரமண்ணில் படும்படி அதைக் கும்பிடும்.

ஒருநாள் எதிர்க்கரையிலிருந்து நாரைகள் வந்தன. வந்தவை திரும்பிப் போகவில்லை. தீவையே ஆள ஆரம்பித்துவிட்டன. அவையும் மழையைத்தான் கும்பிட்டன. ஆனால் தலையை நிமிர்த்தி, அலகை வானத்துக்குக் காட்டிக் கும்பிட்டன.

அவ்வளவுதான் வித்தியாசம்! இதற்குத்தான் அத்தனை பாடும்!

"குனிந்து கும்பிடுகிறவர்களை நம்பவே கூடாது" என்று நாரைகள் சட்டம் மேல் சட்டமாகப் போட்டன. நீர்நாய் பிடிக்கிற மீனில் ஒரு பங்கு நாரைகளின் கோயில் பாறைக்குப் போக வேண்டும். குனிகிற நீர்நாய் எதுவும் அந்தப் பாறையில் கும்பிட்டதில்லை. மீன் மட்டும் தவறாமல் போக வேண்டும்! குனிந்து கும்பிட ஆசையா? புதருக்குப் பின்னால் ஒளிந்து, ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் கும்பிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பொல்லாத சட்டம் ஒன்று இருந்தது. அப்பா நீர்நாய் இறந்தால், அது மீன் பிடித்துவந்த மடுவைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்து, நாரைகள் நடுவில் சுவர் வைக்கும். ஆனால் எந்தப் பிள்ளை முதலில் கோயில் பாறைக்கு வந்து தலை நிமிர்கிறதோ, அதற்கே முழு மடுவும்!

கட்டைவால் என்ற நீர்நாய்க்கும் அவன் தங்கை மினுக்கிக்கும் அப்பா இறந்துபோனார். துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வரவில்லை. அதற்குள் நாரை அதிகாரி நெட்டைக்கழுத்தர் வந்து நின்றார்.

"நாளைக் காலையில் சுவர் வைக்கிறோம்!"

"ஐயா, வேண்டாங்க!" என்றாள் மினுக்கி. "இந்த நாணல் பக்கம்தான் மீன் முட்டை போடும். குஞ்சு அந்த ஆழத்துப் பக்கம் போய் வளரும். நடுவுல சுவர் வெச்சா இங்க மீன் வளராது, அங்க மீன் பிறக்காது. ரெண்டு பேரும் பட்டினிதான்!"

"சட்டத்தில் மீன் முட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை."

"சட்டம் போட்டவங்க மீன் சாப்பிடுறதே இல்லையா?" என்று சீறினான் கட்டைவால்.

நெட்டைக்கழுத்தர் கிளம்பினார். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "நிமிர்ந்தவருக்கு முழு மடு. முழு மடு என்றால் முழு மடுதான். மற்றவர் அதில் மூக்கை நனைக்கவும் அனுமதி கேட்க வேண்டும்!"

அவர் போனதும் மினுக்கி சொன்னாள். "அண்ணே, நம்மள்ல யாராவது ஒருத்தர் நிமிர்ந்துட்டா மடு தப்பிச்சிடும்."

"நிமிர்றதா! அப்பாவைப் புதைச்ச மண்ணு இன்னும் காயலடி!"

"இந்தத் தீவுல மண்ணு எப்பண்ணே காஞ்சுது? சும்மா பேசாதே. வெளியில நிமிரு, வீட்டுல குனி. மழைக்குத் தெரியாதா?"

"அப்ப நீயே போய் நிமிரு."

"நான் போனா, 'தங்கச்சி என் சோத்தைப் பிடுங்கிட்டா'ன்னு தீவெல்லாம் சொல்லிட்டுத் திரிவே!"

"நான் போனா மட்டும்? 'அண்ணன் சாமியையே வித்துட்டான்'னு நீ சொல்லமாட்டே?"

"சொல்லவே மாட்டேன்!"

ஒருவழியாக முடிவு செய்தார்கள். கட்டைவால் பாறைக்குப் போய் நிமிர வேண்டும். மினுக்கி வீட்டிலேயே இருந்து அவனுக்கும் சேர்த்துக் குனிய வேண்டும். மடு இரண்டு பேருக்கும் பொது. எவ்வளவு நல்ல ஏற்பாடு! அதோடு விட்டிருக்கக் கூடாதா?

விடிந்ததும் கட்டைவால் கிளம்பினான். மினுக்கி மண்ணில் மூக்கை வைத்தாள். ஆனால் மனம் சாமியிடம் நிற்கவில்லை. 'மூக்கை நனைக்கவும் அனுமதி கேட்கணுமாமே! அண்ணனுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகும். வர்ற அண்ணி என்னை விடுவாளா?'

எழுந்தாள். குறுக்கு வழியில் ஓடினாள்.

கட்டைவால் பாறையேறி மூச்சு வாங்கினான். எதிர்ப் பக்கமாக மினுக்கியும் ஏறி வந்தாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு தலைகளும் படக்கென்று ஒன்றாக நிமிர்ந்தன!

"யார் முதலில்?" என்று கேட்டார் பாறைமேல் காத்திருந்த நெட்டைக்கழுத்தர்.

"நான்தான்!"

"இல்ல, நான்தான்! ஐயா, இவ நிமிர்ந்தது பொய்! வீட்டுல உட்கார்ந்து எனக்கும் சேர்த்துக் குனியிறேன்னு சொன்னவ இவ!"

"இவன் மட்டும் என்ன? வெளியில நிமிர்ந்துட்டு உள்ளே குனியலாம்னு ஒத்துக்கிட்டவன்தானே!"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

நெட்டைக்கழுத்தர் சிரித்தார். "நான் ஒற்றனைக்கூட அனுப்பவில்லை! இரண்டு நிமிர்வும் பொய் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஏமாற்றியவர்களின் மடு இனி நாரைகளுக்கு!"

அவர் நேராக மடுவுக்குப் போனார். அண்ணனும் தங்கையும் பின்னாலேயே ஓடினார்கள். நெட்டைக்கழுத்தர் கழுத்தை வளைத்து, தலையை நன்றாகக் குனிந்து, ஒரு கொழுத்த மீனைக் கவ்வினார்.

"இப்ப மட்டும் குனியிறீங்களே!" என்று கத்தினாள் மினுக்கி.

"இது சாப்பாடு. அது சாமி. இரண்டையும் குழப்பாதே!" என்று சொல்லிவிட்டு, மீனை விழுங்கி, அவர் பறந்துபோனார்.

"நீ வீட்டுலயே இருந்திருக்கலாம்ல!" என்றான் கட்டைவால்.

"நீ அங்க வாயை மூடியிருக்கலாம்ல!" என்றாள் மினுக்கி.

கட்டைவால் திரும்பிப் பார்க்காமல் நாணலுக்குள் நடந்தான். மினுக்கி கொஞ்ச நேரம் நின்றாள். நிமிர்ந்தவர் மேலும் குனிந்தவர் மேலும் ஒரே மாதிரி பெய்யும் மழை அவள் மேல் பெய்தது. பிறகு அவளும் வேறு திசையில் நடந்து போய்விட்டாள்.

நம்மை அடக்க வந்தவர்கள் போடும் சட்டத்தைவிட, கூடப் பிறந்தவரை நம்பாத நம் மனமே நம்மைச் சீக்கிரம் வீட்டைவிட்டு வெளியேற்றும்.