மருதி வாங்கிய சிம்

கடலோரக் காடு ஒன்றில் மான்களுக்குக் கண்நோய் வந்தது. முதலில் கண்ணில் நீர் வடிந்தது. பிறகு வெள்ளைப் படலம் மூடியது. பார்வை மங்கிய மான்கள், புலி பக்கத்தில் வருவது தெரியாமல் மேய்ந்தன. ஒரே வாரத்தில் மூன்று மான்களைப் புலி அடித்துவிட்டது.

காட்டு வைத்தியர் சடையப்பர் ஒரு தேவாங்கு. அவர் எல்லாரையும் அழைத்துச் சொன்னார்:

"இதற்கு மருந்து வெண்சுருளி வேர்தான். அது கடல் தாண்டித் தெற்குத் தீவில், ஒரு மலையிடுக்கில் முளைக்கிறது. பகல் வெளிச்சம் என் கண்ணுக்கு ஆகாது. நான் போக முடியாது. ஆனால் ஒன்று. அங்கே அதே சாயலில் ஒரு விஷச்செடியும் உண்டு. பருவத்துக்குப் பருவம் இரண்டின் இலையும் நிறம் மாறும். அதனால் பறித்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்."

பாறை ஏறக் குரங்கு வீரணன் முன்வந்தான். அவனைப்போலத் தாவ அந்தக் காட்டில் ஆள் இல்லை. மலையிடுக்கில் ஓடும் ஆற்றைக் கடக்க நீர்நாய் மருதியும் வருவதாகச் சொன்னாள். இருவரையும் கடலாமை முதுகில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மூன்றாம் நாள் புறப்பாடு. தீவில் ஆறு நாள் தங்கல்.

வீரணன் அன்றைக்கே நரியின் செல்போன் கடைக்குப் போனான். மருதியும் கூடப் போனாள்.

"வெளிநாடா அண்ணே? டூரிஸ்ட் சிம் இருக்கு. முப்பது நாள். டேட்டாவுக்கு அளவே இல்லை. நாள் முழுக்க வீடியோ பார்க்கலாம்" என்றது நரி.

வீரணனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. உடனே வாங்கிவிட்டான். பழைய சிம்மை நரியே கழற்றிக் கொடுத்தது. அதை அவன் வீட்டு மரப்பொந்தில் போட்டு வைத்தான்.

மருதி வாங்கவில்லை. கேள்வி கேட்டாள்.

"ஆறு நாள் மட்டும் போகிறவளுக்கு முப்பது நாள் சிம் எதற்கு?"

"இருந்தா நல்லதுதானே அக்கா."

"மலையிடுக்கில் சிக்னல் கிடைக்குமா?"

நரி காதைச் சொறிந்தது. "இது பவளம் கம்பெனி டவர்ல வேலை செய்யும். தீவு முழுக்கக் கிடைக்கும்னு சொல்றாங்க. மலையிடுக்குக்கெல்லாம் யாரு போறாங்க?"

"நான் போகிறேன்" என்றாள் மருதி. "சரி, என் போனில் வேறு நாட்டு சிம் போட்டால் எடுக்குமா? அதையாவது பார்த்துச் சொல்."

நரி ஒரு சிம்மைப் போட்டுப் பார்த்தது. "எடுக்கும் அக்கா. ரெண்டு சிம் போடுற போன்தான்."

மருதி நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீரணனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சிம் வாங்க இத்தனை விசாரணையா என்று நினைத்தான்.

மறுநாள் மருதி இன்னொரு வேலை செய்தாள். ஆற்றங்கரையில் இருந்தபடியே வைத்தியருக்குப் பத்துப் படம் அனுப்பினாள். அரை மணி நேரம் பேசினாள். பிறகு எவ்வளவு டேட்டா செலவானது என்று போனில் பார்த்தாள். கொஞ்சமே கொஞ்சம்தான் ஆகியிருந்தது.

"நமக்கு நிறைய டேட்டா வேண்டாம் வீரணா. அந்த மலையிடுக்கில் கிடைக்கிற டேட்டா வேண்டும்" என்றாள்.

"அது எப்படி இங்கிருந்தே தெரியும்?"

"தெரிந்தவர்களைக் கேட்போம்."

தகைவிலான் குருவிகள் ஆண்டுதோறும் அந்தத் தீவிலிருந்து வருபவை. அவை ஓடைமேல் பறந்து பூச்சி பிடித்துக்கொண்டிருந்தன. மருதி ஒரு குருவியைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"மலையிடுக்கில் பவளம் டவர் கிடையாதம்மா" என்றது குருவி. "கடற்கரையில் மட்டும் ஏகப்பட்டது நிற்கிறது. இடுக்கின் வாயில் ஒரே ஒரு டவர், அது சங்கு கம்பெனியுடையது. அங்கே இருக்கும்போது நாங்கள் தினமும் அதன் கம்பியில்தான் உட்காருவோம். சங்கு சிம் இறங்குதுறையிலேயே கிடைக்கும். முனிவன் நண்டின் கடையில் ஏழு நாள் சிம் கேளுங்கள்."

"தீவு முழுக்கக் கிடைக்கும் என்று நரி சொன்னதே" என்று வீரணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருதி வைத்தியரிடமும் ஆமையிடமும் போய், "என் பழைய எண்ணும் போனில் இருக்கும். அவசரம் என்றால் அதில் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வெளிநாட்டில் கட்டணம் ஏறாமலிருக்க, பழைய சிம்மில் டேட்டாவை மட்டும் அணைத்து வைத்தாள்.

மூன்றாம் நாள் புறப்பட்டார்கள். தீவில் இறங்கியதும் வீரணனின் போனில் சிக்னல் நான்கு கோடும் நிறைந்து நின்றது. அவன் அலையை வீடியோ எடுத்து அனுப்பினான். தன் வாலை எடுத்து அனுப்பினான். மருதி நண்டின் கடையில் ஏழு நாள் சங்கு சிம் ஒன்று வாங்கிப் போட்டாள். அதில் ஒரு படம் போய்ச் சேரவே நேரம் பிடித்தது.

"உன் சிம் நத்தை, என் சிம் சிறுத்தை" என்றான் வீரணன்.

மருதி கோபப்படவில்லை. "இங்கே நத்தைதான்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் நடந்து மலையிடுக்கை அடைந்தார்கள். இருபுறமும் செங்குத்துப் பாறை. நடுவே ஆறு. மருதி ஒரு கொடியின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு நீந்திப்போய் எதிர்க்கரையில் கட்டினாள். வீரணன் அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தான். பாறையில் ஏறி, வெண்சுருளி போலவே இருந்த செடி ஒன்றை வேரோடு பிடுங்கி வந்தான்.

"இதுதான். மேலே இன்னும் நிறைய இருக்கிறது. இரண்டு பை நிரப்பிவிடலாம்."

"முதலில் படம்" என்றாள் மருதி.

வீரணன் தன் போனை எடுத்தான். சிக்னலில் ஒரு கோடுகூட இல்லை. தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தான். பாறைமேல் ஏறி நின்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அளவே இல்லாத டேட்டா கையில் இருந்தது. ஒரு படம் அனுப்ப வழியில்லை. அவன் முகம் சுருங்கிப்போனது.

மருதி தன் போனில் படம் எடுத்து அனுப்பினாள். மெதுவாகத்தான் போனது. ஆனால் போய்விட்டது. சற்று நேரத்தில் வைத்தியர் கூப்பிட்டார்.

"மருதி, இலையைத் திருப்பிப் பார். அடிப்பக்கம் என்ன நிறம்?"

"செம்பு நிறம் ஐயா."

"கீழே போடு. கையைக் கழுவு. இந்தப் பருவத்தில் விஷச்செடிக்குத்தான் அந்த நிறம். அதை அரைத்துப் போட்டால் மங்கிய கண் ஒரேயடியாக அவிந்துவிடும்."

வீரணன் உடனே ஆற்றில் கையைக் கழுவினான். இரண்டு பை நிறையப் பறித்துக்கொண்டு போக இருந்தவன் அவன்தானே. காட்டில் காத்திருக்கும் மான்களை நினைத்தான்.

"நிழல் விழும் பாறையில் பாருங்கள்" என்றார் வைத்தியர்.

நிழற்பாறை உயரமாகவும் வழுக்கலாகவும் இருந்தது. மருதியால் ஏற முடியாது. அவள் தன் போனை ஒரு நாரில் கோத்து வீரணனின் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"நீ ஏறு. உன்னால்தான் முடியும். மேலே போய் நீயே அவரிடம் பேசு."

தன்னைப் பழித்தவனிடம் ஒரு குத்தல் வார்த்தைகூடப் பேசாமல் போனைத் தந்த அவளை வீரணன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஏறினான். பிடி கிடைக்காத இடத்தில் வாலைச் சுற்றித் தொங்கினான். ஒரு பிளவில், இலையின் அடிப்பக்கம் பால்போல வெளுத்த செடிகள் இருந்தன. படம் அனுப்பினான்.

"அதேதான் வீரணா! வேரில் பாதியை விட்டுவிட்டுப் பறி. மறுபடி முளைக்கட்டும்" என்றார் வைத்தியர்.

பைகள் நிறைந்தன. இருவரும் இடுக்கைவிட்டு வெளியே வந்தபோது மருதியின் பழைய எண் ஒலித்தது. ஆமைதான்.

"கடலில் புயல் திரள்கிறது. ஆறாம் நாள் என்னால் வர முடியாது. நாளை மாலைக்குள் துறைக்கு வந்துவிடுங்கள். தவறினால் பத்து நாள் ஆகிவிடும். வீரணனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டேன். அவன் எண் அணைந்தே கிடக்கிறது."

வீரணனின் பழைய சிம் மரப்பொந்தில் அல்லவா கிடந்தது! பத்து நாள் தாமதித்திருந்தால் எத்தனை மான்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. அவன் இரண்டு பைகளையும் தன் தோளில் போட்டுக்கொண்டான். இருவரும் இரவிலும் நிற்காமல் நடந்தார்கள். மறுநாள் பொழுது சாயும்போது ஆமையின் முதுகில் ஏறிவிட்டார்கள்.

வைத்தியர் வேரை அரைத்து மான்களின் கண்ணில் விட்டார். நான்காம் நாள் படலம் உரியத் தொடங்கியது. முதலில் பார்வை தெளிந்தது ஒரு கிழப் பெண்மானுக்கு. அது கண்ணைக் கொட்டிக்கொட்டிப் பார்த்தது. எதிரே நின்ற வீரணனை அடையாளம் கண்டுகொண்டது.

"வேர் கொண்டுவந்தது நீயாமே அப்பா. நன்றாயிரு" என்றது.

"பறித்தது நான். எது வேர் என்று தெரியச் செய்தது அவள்" என்று வீரணன் மருதியை முன்னால் அழைத்து நிறுத்தினான். "இவள் ஒரு சிம் வாங்க ஊரெல்லாம் கேட்டாள். நான் சிரித்தேன். இவள் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், உன் கண்ணை நானே அவித்திருப்பேன்."

பெண்மான் மருதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. மருதி வெட்கப்பட்டு, மீன் பிடிக்க நேரமாயிற்று என்று ஆற்றுக்குள் இறங்கிவிட்டாள்.

அதிகம் தருவதை வாங்குவதைவிட, நம் தேவை எது என்று அறிந்து, அந்த இடத்தை அறிந்தவர்களைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை.