ஆறு மணியை நிறுத்திய மின் சங்கம்

கோணமங்கலத்துக்கு வழி கேட்டால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சரியாகச் சொல்ல மாட்டார்கள். வழி தெரியாமல் இல்லை. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே சிரிப்பு வந்து, இடது பக்கமா வலது பக்கமா என்பது மறந்துபோய்விடும். நானும் அந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். ஆனால் மற்றவர்களைப் போல இல்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஊருக்கென்று சொந்தமாக ஒரு மின் சங்கம் உண்டு. வெளியிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி நூற்று நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. தலைவர் ஏகாம்பரம், செயலாளர் நல்லமுத்து, லைன்மேன் காத்தவராயன், இந்த மூன்று பேர்தான் சங்கம். தலைவர் யோசிப்பார், செயலாளர் எழுதுவார், காத்தவராயன் கம்பத்தில் ஏறுவார். சில நாள் இது இடம் மாறிப்போய் காத்தவராயன் யோசித்துவிடுவார்.

சங்கக் கட்டடத்தின் உச்சியில் ஒரு மின்சாரச் சங்கு இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஊதினால் சுவிட்சைப் போட வேண்டும். ஒன்பது மணிக்கு ஊதினால் அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். சங்கு ஊதாமல் எங்கள் ஊரில் எந்தக் காரியமும் நடக்காது. ஐந்தே முக்காலுக்கே எல்லா வீட்டிலும் ஆளுக்கொரு கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். சங்கு ஊதும். விளக்கு, மோட்டார், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே நொடியில் ஓடும். மறுநொடி டிரான்ஸ்பார்மரில் பியூஸ் 'டப்' என்று போகும்.

"ஆறு மணி ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் மெழுகுவத்தியைத் தேடுவார்கள்.

பியூஸ் போடுவது கால் மணி நேர வேலைதான். ஆனால் காத்தவராயனுக்குப் பயிற்சியில் ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லைனில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கம்பத்தில் ஏற வேண்டும். ஆகவே அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு முதல் வீட்டிலிருந்து புறப்படுவார். "உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" "இல்லை." "உறுதியா?" "உறுதியா." அடுத்த வீடு. நூற்று நாற்பத்திரண்டாவது வீட்டை முடிப்பதற்குள், முதல் வீட்டில் இதற்குள் வந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இதனால் பாவம், ரஞ்சிதம்தான் நொந்துபோனாள். ஊர்க் கோடியில் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறாள் அவள். மின்சாரச் சூட்டில் முட்டைகளை இருபத்தோரு நாள் காப்பாற்ற வேண்டும். மற்ற நாளில் எப்படியோ சமாளித்துவிடுவாள். பொரிக்கிற நாளில் சூடு போனால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். போன மாதம் மொத்தமும் அப்படித்தான் போயிற்று. ஒரு கூடை ஓட்டை வாரிக் கொட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்து அவள் அழுததை நான் பார்த்தேன். இப்போது மறுபடியும் ஆயிரத்து இருநூற்று எழுபத்தெட்டு முட்டை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பொரிக்க வேண்டும்.

அந்த வாரம் திங்கட்கிழமை, நகரத்திலிருந்து எழிலரசி என்ற பொறியாளர் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சங்கத்தைக் கூட்டினார்.

"ஐயா, உங்களுக்குக் கரண்ட் பத்தாம இல்லை. எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கறீங்க, அதுதான் சிக்கல். மூணு காரியம் செய்ங்க. இந்தச் சோலார் பலகையை மொட்டை மாடியில வெயில் படுற இடத்துல வைங்க. பகல்ல ஆபீசும் சங்கும் அதுலயே ஓடும். பத்திரமா பாத்துக்கிட்டா இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும். ரெண்டாவது, புது மீட்டர் தர்றேன். தினமும் கண்ணுல படுற மாதிரி மாட்டுங்க. எவ்வளவு செலவாகுதுன்னு பாத்தா ஜனங்க தானா குறைப்பாங்க. மூணாவது, ஆறு மணிக்கு எல்லாரும் ஒண்ணா சுவிட்ச் போடக் கூடாது. பாதி வேலையைப் பகலுக்கு மாத்துங்க."

நல்லமுத்து ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். பொறியாளர் இருமியதையும் எழுதினார்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நானே வந்து பாப்பேன். அன்னிக்கும் பியூஸ் போச்சுன்னா, சங்கத்தைக் கலைக்கச் சொல்லி எழுத வேண்டியிருக்கும்" என்றார் எழிலரசி.

"எனக்கும் வெள்ளிக்கிழமைதாம்மா" என்றாள் வாசலில் நின்ற ரஞ்சிதம். "தலைவரே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்த ஒரு நாள் மட்டும் கரண்ட் போகாம பாத்துக்குங்க."

"நீ நிம்மதியா போம்மா. நாங்க இருக்கோம்ல" என்றார் ஏகாம்பரம். அதைக் கேட்டதும்தான் ரஞ்சிதத்துக்குப் பயமே வந்தது.

செவ்வாய்க்கிழமை சோலார் பலகையை மொட்டை மாடியில் வைத்தார்கள். நல்ல உச்சி வெயில். காத்தவராயன் பலகையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"தலைவரே, இது கொதிக்குது."

"பத்திரமா பாத்துக்கச் சொன்னாங்களே. நல்லமுத்து, நோட்டைப் பாரு."

"பத்திரமா பாத்துக்கிட்டா இருபத்தஞ்சு வருஷம்னு இருக்கு."

"நம்ம வீட்டுக் கதவையே வெயில்ல போட்டா மூணு வருஷத்துல வெடிச்சுப் போகுது. இது கண்ணாடி. எப்படித் தாங்கும்?"

"வெயில் படுற இடத்துல வைக்கச் சொன்னாங்களே" என்றார் காத்தவராயன்.

ஏகாம்பரம் கண்ணை மூடி யோசித்தார். "இடம் வெயில் படுற இடம்தான். அதுல மாற்றம் இல்லை. பலகை மேல படணும்னு அவங்க சொல்லலையே."

அன்று மாலைக்குள் பலகைக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, நான்கு மூலையிலும் வாழைக்கன்று கட்டிவிட்டார்கள். கீழே குளுகுளுவென்று இருந்தது. பகலில் தலைவர் அங்கேயே பாய் விரித்துப் படுக்கத் தொடங்கினார்.

புதன்கிழமை மீட்டர் மாட்டினார்கள். இதிலும் ஒரு யோசனை வந்தது, காத்தவராயனுக்கு.

"கண்ணுல படுற மாதிரி மாட்டணும்னா, அவங்கவங்க வீட்டுச் சுவத்துல மாட்டி என்ன பிரயோசனம்? நம்ம வீட்டுச் சுவத்தை நாம எங்க பாக்கறோம்? நாளெல்லாம் எதிர்வீட்டைத்தானே பாக்கறோம்?"

அன்றைக்கே அவரவர் மீட்டர் எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது.

தையல்காரர் பொன்னுரங்கம் தன் வாசலில் இருந்த மீட்டர் வேகமாக ஓடுவதைப் பார்த்துப் பதறி, ஒரு விளக்கை அணைத்தார். நிற்கவில்லை. காற்றாடியை அணைத்தார். நிற்கவில்லை. தையல் மெஷினையும் நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்தார். எதிர்வீட்டு டீக்கடை மாரியப்பனோ தன் சுவரில் மீட்டர் அசையாமல் நிற்பதைப் பார்த்து மகிழ்ந்துபோய், "பரவாயில்லையே, நம்ம கடையில ஒண்ணுமே செலவாகலை" என்று இன்னொரு ஹீட்டரையும் போட்டார். பொன்னுரங்கத்தின் சுவரில் மீட்டர் பறந்தது. அவர் டார்ச் லைட்டிலிருந்த பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது மூன்றாவது காரியம். வியாழக்கிழமை காலையிலிருந்து சங்கம் கூடிப் பேசியது.

"பாதி வேலையைப் பகலுக்கு மாத்தச் சொல்றாங்க. பகல்ல சங்கு கிடையாதே. கடைக்காரங்களை விடுங்க, வீட்டு ஜனங்க எப்படி சுவிட்ச் போடுவாங்க?" என்றார் நல்லமுத்து.

"பகல்லயும் ஊதலாமா?"

"சங்கு நேரத்தை மாத்தணும்னா பொதுக்குழு கூட்டணும். பொதுக்குழு கூடணும்னா சங்கு ஊதணும். அந்தச் சங்குக்கு நேரம் குறிக்கலை."

மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் காத்தவராயன் மெதுவாகக் கேட்டார்:

"தலைவரே, தொந்தரவு எப்ப வருது?"

"ஆறு மணிக்கு."

"அப்ப ஆறு மணியே வராம பண்ணிட்டா?"

ஏகாம்பரம் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். அன்று மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதவில்லை. ஊர் முழுக்கச் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றது. ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. "இன்னிக்கு ஆறு மணி ரொம்ப லேட்டு" என்று பேசிக்கொண்டார்கள். ஒன்பது மணிக்குச் சங்கு ஊதியதும், போடாத விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். பியூஸ் போகவில்லை. ரஞ்சிதத்தின் பொரிப்பகத்தில் மட்டும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது எழிலரசியின் ஜீப் வந்து நின்றது. பொரிப்பகத்தில் முதல் ஓட்டில் விரிசல் விழுந்திருந்தது.

"என்னங்க, இன்னும் ஊர்ல ஒரு விளக்கையும் காணோம்?" என்றார் எழிலரசி ஆச்சரியமாக.

ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் வந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா? பெரியவர்கள் யார் ஊருக்கு வந்தாலும் சங்கு ஊதி வரவேற்பது எங்கள் வழக்கம். "காத்தவராயா, அம்மா வந்துட்டாங்க. மரியாதை!" என்றார்.

காத்தவராயன் பொத்தானை அழுத்தினார்.

இரண்டு நாளாக அரைக்காத மாவு, நிரப்பாத தொட்டி, தேய்க்காத சட்டை. நூற்று நாற்பத்திரண்டு வீட்டிலும் கை சுவிட்சில் தயாராக இருந்தது. அன்றைக்குக் கேட்ட 'டப்' பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாம்.

ரஞ்சிதம் இருட்டில் தலைதெறிக்க ஓடி வந்தாள். "பாவிங்களா! ஆயிரத்து இருநூத்தி எழுபத்தெட்டு உசுரு! ஒரு மணி நேரம்கூடத் தாங்காது!" என்று அலறினாள். காத்தவராயன் ஏணியை எடுத்துக்கொண்டு, "உங்க வீட்ல கரண்ட் இருக்காம்மா?" என்று அவளிடமே கேட்டார்.

எழிலரசிதான் சுதாரித்துக்கொண்டார். "முட்டைக்குச் சூடு வேணும், அவ்வளவுதானே? ஆள் உடம்புச் சூடு போதும். வீட்டுக்கு ஒன்பதா பிரிச்சுக் கொடுங்க!"

இதுவரை எதையும் சரியாகப் பிரித்துக் கொடுக்காத சங்கம், முட்டையை இருபது நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டது. ரஞ்சிதம் தெருத் தெருவாகக் கத்திக்கொண்டே போனாள்: "மடியில வச்சுப் போர்வையைப் போத்திக்கிட்டு அசையாம உக்காருங்க! சங்கு ஊதற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது!" கரண்ட் வந்தால் சங்கு ஊதும் என்ற கணக்கில் சொன்னாள். ஆனால் கரண்ட் வர வேண்டுமானால் காத்தவராயன் கம்பத்தில் ஏற வேண்டும். காத்தவராயன் மடியிலும் ஒன்பது முட்டை இருந்தது.

விடியும்போது குஞ்சு பொரித்துவிட்டது. ஒன்றுகூடச் சாகவில்லை. ஏகாம்பரத்தின் தலையில் இரண்டு, நல்லமுத்துவின் சட்டைப் பையில் ஒன்று. ரஞ்சிதம் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே, "போதும், எந்திரிங்க" என்றாள்.

"சங்கு ஊதலையேம்மா" என்றது ஊர்.

எழிலரசி ஜீப்பில் ஏறுமுன் அறிக்கை எழுதிவிட்டார்: 'இந்தச் சங்கத்தைக் கலைத்தால் இவர்களை வேறொரு சங்கத்தில் சேர்க்க வேண்டி வரும். ஆகவே கலைக்க வேண்டாம்.' நல்லமுத்து அதை மூன்று முறை உரக்கப் படித்தார். எல்லாரும் உட்கார்ந்தபடியே கை தட்டினோம்.

வெயில் ஏறியதும் ரஞ்சிதம் மொட்டை மாடிக்குப் போய்ப் பந்தலைப் பிய்த்து எறிந்தாள். "அம்மா, பலகை மேல வெயில் படுது!" என்று ஏகாம்பரம் கீழேயிருந்து பதறினார். அவள் காதில் வாங்காமல் பொத்தானை அழுத்தினாள். சூரிய சக்தியில் சங்கு ஊதியது. ஊர் எழுந்து நின்றது. குஞ்சுகள் கூடைக்குத் திரும்பின. காத்தவராயன் ஏணியைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுக்குப் புறப்பட்டார்.

வீடு வீடாக உறுதி செய்துகொண்டு அவர் பியூஸ் போட்டபோது மாலை ஆறு மணி. வெள்ளிக்கிழமை போட்ட சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. ஒன்பது மணிச் சங்குதான் ஊதவில்லையே.

'டப்.'

ஊர் இருட்டானது. ஆனால் இந்த முறை யாரும் மெழுகுவத்தியைத் தேடவில்லை. பியூஸ் போனால் என்ன செய்வது என்பதுதான் இப்போது எல்லாருக்கும் தெரியுமே. நூற்று நாற்பத்திரண்டு வீட்டிலும் மடியில் போர்வையை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான். ஏகாம்பரம் வாசலில் நின்று ஊர்க் கோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ரஞ்சிதம், கரண்ட் போயிடுச்சு! சீக்கிரம் முட்டையைக் கொண்டாம்மா!"