சர் வீரபத்திரருக்கு ஒரு தண்டோரா

பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துச் சனங்களைக் காப்பாற்றினார் என்று ஜமீன்தார் வீரபத்திரருக்குச் சீமையிலிருந்து 'சர்' பட்டம் வந்தது. தொட்டி இருந்தது வாஸ்தவம். அதில் கஞ்சிதான் இருந்ததில்லை.

பாராட்டுவதற்குத் தமிழ் தெரிந்த வெள்ளைக்காரக் கலெக்டர் வந்திருந்தார். ஊரில் தண்டோரா போடுவதும் பிணம் புதைப்பதும் சடையன் வேலை. ஜமீன்தார் அவனைக் கூப்பிட்டார்.

"டேய், இனிமே எவனும் என்னை வெறும் பேர் சொல்லக்கூடாது. 'சர் வீரபத்திரர்'னுதான் சொல்லணும். என் கஞ்சித்தொட்டிக்கு வந்தவன் அத்தனை பேர் காதிலயும் இது விழணும். ஒருத்தன் விட்டுப்போனாலும் உன் தோலை உரிச்சிடுவேன்."

"ஆகட்டும் சாமி."

சடையன் தப்படித்துக்கொண்டு நடந்தான். கலெக்டரும் ஜமீன்தாரும் சாரட்டில் பின்னாலேயே போனார்கள். அவன் கடைத்தெருவில் நிற்கவில்லை. நேரே இடுகாட்டுக்குப் போய், புது மண்மேடுகளுக்கு நடுவில் நின்று கூவினான்.

"கஞ்சி ஊத்தின மகராசன் இனிமே சர் வீரபத்திரராம்! எல்லாரும் அப்படியே கூப்பிடுங்க!"

"இங்க எதுக்குடா வந்தே?" என்று சீறினார் ஜமீன்தார்.

"உங்க கஞ்சியை நம்பி வந்தவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க சாமி. நான்தானே கொண்டுவந்து படுக்க வெச்சேன்."

கலெக்டர் தொப்பியைக் கழற்றினார். பட்டத்தை யாரும் கழற்றவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த ஊரில் 'சர்' என்று சொன்னவர்கள் எல்லாரும், இடுகாட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சொன்னார்கள்.