வலப்பக்கம் இழுத்த ரம்பம்

மடத்து வாய்க்காலின் குறுக்கே, காற்றில் சாய்ந்த வாகை மரம் கிடந்தது. விழுந்தது தெரியாமல் இன்னும் பூத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து செங்கோடன் அதை அறுத்துப் பார்க்கிறார். செயின் ரம்பம் நேராக இறங்க மாட்டேன் என்றது. வலப்பக்கமாக வளைந்து போய் மரத்துக்குள் கவ்விக்கொண்டது. சீவலாகக் கொட்ட வேண்டியது மாவாக உதிர்ந்தது.

ரம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார். குரு சிவகாமவல்லி வயதில் அவருக்கு இளையவர். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தாயே, பிச்சைமுத்துவை எப்போ அனுப்பப் போறீங்க?"

"அவர் என்ன செய்தார்?"

"சங்கிலியைக் கல்லுல ஓட்டி மழுக்கியிருக்கான், வேற என்ன? மரக்கடையில திருடன்னு துரத்திவிட்ட ஆளு. அவன் வந்த நாள் முதலா இந்த மடத்துல எல்லாமே கோணல்."

"ஓட்டினதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கிற மாதிரி செய்வானா?"

பிச்சைமுத்து கருவி அறை வாசலில் நின்றான். கையில் துணி மூட்டை.

"மூட்டையைக் கட்டிட்டேன்மா. அண்ணன் அவிழ்த்துப் பார்க்கட்டும். ரம்பத்துப் பல்லு ஒண்ணும் உள்ள இல்ல" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பும் செங்கோடனுக்குச் சரியாகப் படவில்லை.

குரு கையைத் துடைத்துக்கொண்டு சங்கிலியை வெயிலில் மெல்ல நகர்த்திப் பார்த்தார். வலப்பக்கத்துப் பற்களின் நுனியில் வெளிச்சம் தங்கவில்லை, அவ்வளவு கூர். இடப்பக்கத்துப் பற்களில் மட்டும் மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னியது.

"இதைத் தீட்டுறது யாரு?"

"நான்தான். அவன் கையில அரத்தைக் கொடுப்பேனா?"

"வழக்கமா எப்படித் தீட்டுவீங்களோ, அப்படியே தீட்டுங்க."

செங்கோடன் முற்றத்துக் கல்மேடையில் ரம்பத்தை இறுக்கினார். சுவரில் முதுகைச் சாய்த்து, கருவி அறையைப் பார்த்து உட்கார்ந்தார். வலப்பக்கத்துப் பற்களில் அரம் அழுத்தமாக, ஒரே சீராக ஓடியது. இடப்பக்கத்துப் பற்களுக்கு மேடையின் மறுபுறம் போய் உட்கார வேண்டும். அவர் எழவில்லை. இருந்த இடத்திலேயே மணிக்கட்டை மடக்கி ஒவ்வொன்றையும் லேசாகத் தடவிவிட்டார். கண் மட்டும் வாசலுக்குப் போய்ப் போய் வந்தது.

"மறுபக்கம் போகலையா?"

"அங்க உட்கார்ந்தா..." நிறுத்திக்கொண்டார்.

"உட்கார்ந்தா?"

"வாசல் முதுகுக்குப் பின்னால போயிடும் தாயே. இவன் என்ன செய்யறான்னு தெரியாது."

"எப்போலேருந்து இப்படித் தீட்டுறீங்க?"

"இவன் வந்த நாள் முதலா."

சொன்ன பிறகு அரம் நகரவில்லை.

குரு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். "மறுபக்கம் போய் உட்காருங்க. பிச்சைமுத்து, நீங்க அந்த வாசல்லயே நில்லுங்க."

செங்கோடன் மேடையைச் சுற்றிப் போனார். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதுகு கூசியது.

"மரம் நேரா அறுந்துட்டா, இவனை அனுப்பிடுவீங்களா தாயே?"

"அறுத்துட்டு வந்து கேளுங்க. கேட்கத் தோணினா, அனுப்பிடறேன்."