பெரியநாச்சியின் இரண்டு அடுப்பு

மாதம் மும்மாரி பெய்த காலத்திலே, கொன்றைநாடு என்ற ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுதான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. "என் முன்னால் யாரும் கொட்டாவி விடக் கூடாது" என்று உத்தரவு போடுவான். அது முடியுமுன்னே தானே வாயைப் பிளப்பான்.

அவனுக்கு ஒருநாள் ஓர் ஆசை வந்தது. "உலகம் உண்டான நாள்முதல் மனுஷன் கண்டுபிடித்ததில் எது பெரிசோ, அது என் சபைக்கு வர வேண்டும்" என்று தண்டோரா போடச் சொன்னான். ஒருவர் நெருப்பு என்றார். ஒருவர் சக்கரம் என்றார். "அதெல்லாம் பக்கத்து நாட்டிலும் இருக்கிறதே!" என்று ராஜா உதட்டைப் பிதுக்கினான்.

அப்போது அரண்மனை வைத்தியர் விருத்தகிரி எழுந்தார். கையில் பட்டுத்துணி சுற்றிய ஒரு சங்கு.

"மகாராஜா, நான் கண்டுபிடித்த சஞ்சீவிச் சங்கு இது. காய்ச்சல்காரன் தலைமாட்டில் மூன்று முறை ஊதினால் ஏழே நாளில் எழுந்து நடப்பான். யார் ஊதினாலும் பலிக்கும். சக்தி சங்கில் இருக்கிறது!"

ஊரெல்லாம் அப்போது மழைக்காய்ச்சல். பத்துப் பேருக்கு ஊதிப் பார்த்தார்கள். ஏழாம் நாள் ஒன்பது பேர் எழுந்து நடந்தார்கள். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இதுதான் சமயம் என்று வைத்தியர் நினைத்தார். கோட்டைவாசல் கஞ்சிக்கூடத்தில் காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் பெரியநாச்சிமேல் அவருக்கு வெகுநாளாய்ப் பொறாமை. பிழைத்தவர்கள் இவரை விட்டுவிட்டு அவளையல்லவா கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்!

"சங்கு இருக்கக் கஞ்சி எதற்கு மகாராஜா? கூடத்தை மூடிவிட்டு அங்கே சங்குமண்டபம் கட்டலாமே" என்றார்.

"கட்டு!" என்றான் ராஜா.

செய்தி பெரியநாச்சி காதுக்கு எட்டியது. சமைத்துப்போட ஆளில்லாத நாற்பது பேர் அந்தக் கூடத்தில் படுத்திருந்தார்கள். கூடத்தை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்? அம்மனை நினைத்துக்கொண்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நேரே சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராஜா, புது மிளகு வந்தால் நாங்க ரெண்டு அடுப்பு மூட்டுவோம். ஒரே அரிசி, ஒரே தண்ணி. ஒரு பானையில புது மிளகு, இன்னொண்ணுல பழசு. அப்பத்தானே ருசி மிளகாலயா, கைப்பக்குவத்தாலயான்னு தெரியும்? வைத்தியரய்யா ஒரே அடுப்பைப் பார்த்துட்டுப் பேசுறாரே!"

"பத்தில் ஒன்பது பேர் எழுந்தது பொய்யா?" என்று வைத்தியர் சீறினார்.

"சத்தியமா நிஜம் ஐயா. ஊதாம இருந்திருந்தா எத்தனை பேர் எழுந்திருப்பாங்க? அதையும் சொல்லிடுங்க."

வைத்தியர் ராஜா பக்கம் திரும்பினார். "அடுப்படிப் பேச்சையெல்லாம் சபையில் பேசுகிறாள்!"

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "சோதித்துப் பார்ப்போம். நீ தோற்றால்?"

"கூடத்தை நானே பூட்டிச் சாவியை வைத்தியரய்யா கையில கொடுத்துடறேன்."

புதிதாய்க் காய்ச்சல் கண்ட இருபது பேரைக் கூட்டிவந்தார்கள். "பத்துப் பேரை நான் பொறுக்கிக்கொள்கிறேன்" என்று வைத்தியர் திடமான ஆட்களாய்ப் பார்த்துக் கை நீட்டினார்.

"நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். அம்மன் பொறுக்கட்டும்" என்றாள் பெரியநாச்சி.

கல்யாணம் கூடுமா கூடாதா என்று கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போமே, அதேபோலத்தான். பத்துப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, பத்தில் சிவப்புப் பூ. சன்னதியில் குலுக்கிப்போட்டு, ஒவ்வொருவர் பேருக்கும் பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தால் வைத்தியர் சங்கு. சிவப்பு வந்தால் கோயில்வாசல் கடையில் வாங்கிய வெறும் சங்கு. யாருக்கு எது என்பது ராஜாவுக்கும் பூசாரிக்கும் மட்டுமே தெரியும். ராஜா அதை ஓலையில் எழுதி மடியில் செருகிக்கொண்டான்.

யார் ஊதினாலும் பலிக்கும் என்று சொல்லியாயிற்றே! திரைக்குப் பின்னால் நின்று ராஜாவே ஊதினான். இருபது பேருக்கு மும்மூன்று ஊதலும் முடிவதற்குள் கன்னம் இரண்டும் பணியாரமாய் உப்பிவிட்டன. அதன்பிறகு எல்லாருக்கும் ஒரே கஞ்சி, ஒரே பாய்.

ஏழாம் நாள் பதினெட்டுப் பேர் எழுந்து நின்றார்கள். இரண்டு பேருக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை.

"பார்த்தீர்களா என் சங்கின் மகிமையை!" என்றார் வைத்தியர்.

"அப்படியானால் உம் சங்கு கேட்ட பத்துப் பேரைக் காட்டும்" என்றான் ராஜா.

முகம் தெளிந்து நின்ற பத்துப் பேரை வைத்தியர் டக்கென்று காட்டினார். ராஜா ஓலையைப் பிரித்தான். பத்தில் ஆறு பேர் வெறும் சங்கு! எழுந்து நின்றவர்களில் வெள்ளைப் பூ ஒன்பது, சிவப்புப் பூவும் ஒன்பது. படுத்திருந்த இருவரில் பக்கத்துக்கு ஒருவர். சபையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"மழைக்காய்ச்சல் ஏழு நாள்ல தானா இறங்கிடும் மகாராஜா. சங்கு நடுவுல வந்து பேரை வாங்கிட்டுது" என்றாள் பெரியநாச்சி. "'இது இல்லாம இருந்தா என்ன ஆகும்'னு கேட்கத் தெரிஞ்சதே, மனுஷன் கண்டுபிடிச்சதுல எனக்கு அதுதான் பெரிசாத் தெரியுது."

வைத்தியர் லேசில் விடுவாரா? "அப்படியானால் கஞ்சியையும் சோதிக்க வேண்டுமே! அதுவும் நடுவில் வந்து பேர் வாங்கியதாக இருக்கலாமே?"

சபையே அவள் பக்கம் திரும்பியது. ராஜாகூட அவள் முகத்தைப் பார்த்தான்.

"நியாயமான கேள்வி ஐயா" என்றாள் அவள். "கட்டாயம் சோதிக்கணும். ஆனா காய்ச்சல்காரங்க வயித்துல வேண்டாம். திடமா இருக்கிற நாம ரெண்டு பேர் போதும். நான் வேளாவேளைக்குக் கஞ்சி குடிக்கிறேன். நீங்க ஏழு நாள் ஒண்ணும் தொடாம இருங்க."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

வைத்தியர் மறுநாள் மத்தியானம்வரை தாங்கினார். அதற்குமேல் முடியவில்லை. கஞ்சிக்கூடத்து வரிசையில், காய்ச்சல்காரர்களுக்குப் பின்னால், கையில் தொன்னையோடு தலைகுனிந்து நின்றார். பெரியநாச்சி தொன்னை நிறைய ஊற்றிவிட்டு, "நார்த்தங்காய் வைக்கட்டுமா ஐயா?" என்றாள்.

வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது. "வை தாயி" என்றார்.

கூடம் இன்னும் பெரிதாயிற்று. சபையில் பெரியநாச்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. அதற்கப்புறம் வைத்தியர் எந்த மருந்தை அரைத்தாலும் அவளிடம் வந்து, "பூக்கட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

கொன்றைநாட்டில் கஞ்சி மணத்தது, காய்ச்சல் இறங்கியது. நம் எல்லார் வீட்டிலும் அப்படியே ஆகட்டும்.